பயிற்சிக்குப் பின் உணவு: ஒரு கேள்வியின் வரலாறு

உடலை வருத்திப் பயிற்சி செய்தவர் அதன்பின் எதை, எவ்வளவு, எந்த நேரத்தில் உண்ண வேண்டும் என்ற கேள்வி, நகரங்களில் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகிய காலத்தில் தோன்றியதன்று. மல்லர்களை வளர்த்த அரசவைகளும், பந்தய வீரர்களைப் பேணிய பயிற்சியாளர்களும், உழைக்கும் உடலின் எரிபொருள் எது என்று தேடிய வேதியியலாளர்களும் தத்தம் காலத்தில் இதற்கு விடை கூறியுள்ளனர். அவ்விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றினாலும், ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஓர் உடலையும் குறிப்பிட்ட ஓர் உழைப்பையும் முன்வைத்துப் பிறந்தது என்பதை நினைவிற்கொண்டால் முரண்பாட்டின் பெரும்பகுதி மறைந்துவிடும். பிழையான விதிகள் தோன்றியது, ஒருவருக்காகக் கண்ட விடையை எல்லோருக்கும் பொதுவாக்கிய இடங்களில்தான்.

பண்டைக் கிரேக்கத்தின் தொடக்ககால விளையாட்டு வீரர்கள் உலர்ந்த அத்திப்பழம், பாலாடைக்கட்டி, கோதுமை ஆகியவற்றை உண்டு பழகினர் என்றும், இறைச்சி அவர்களின் உணவில் பிற்பாடே முதன்மை பெற்றது என்றும் பழைய நூல்கள் கூறுகின்றன. அம்மாற்றத்தைத் தொடங்கியவர் ஸ்டிம்ஃபாலஸ் ஊரைச் சேர்ந்த ட்ரோமியஸ் என்ற ஓட்டக்காரர் என்று பயண நூலாசிரியர் பாசனியஸ் எழுதினார். வேறு சிலர் பித்தாகரஸ் என்ற பெயர்கொண்ட பயிற்சியாளர் ஒருவரைச் சுட்டினர். உரோமானியப் பேரரசின் கிளாடியேட்டர்கள், அதாவது அரங்கில் பொருத வாள்வீரர்கள், இதற்கு நேர்மாறாகப் பார்லியையும் மொச்சை வகைப் பயறுகளையும் பெரிதும் நம்பியிருந்தமையால் ‘பார்லி தின்போர்’ என்றே அழைக்கப்பட்டனர். இளமையில் பெர்கமம் நகரத்தில் அவ்வீரர்களுக்கு மருத்துவராக இருந்த கேலன், கடும் பயிற்சி முடிந்ததும் மென்மையான அசைவுகளாலும் எண்ணெய்த் தேய்ப்பாலும் உடலைத் தணித்து, பின் நீராட்டி, அதன் பிறகே உணவு தர வேண்டும் என்று முறை வகுத்தார்.

பயிற்சிக்குப் பின் அருந்தும் சிறப்புப் பானம் என்ற எண்ணமும் அக்காலத்திலேயே இருந்தது. போட்டி முடிந்த கிளாடியேட்டர்கள் அடுப்புச் சாம்பலைக் கரைத்துக் குடித்துத் தேறினர் என்ற செய்தி, கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிளினியின் நூலில் காணப்படுகிறது. இன்றைய துருக்கியிலுள்ள எபேசு நகரில் 1993இல் கண்டறியப்பட்ட கிளாடியேட்டர் இடுகாட்டின் எலும்புகளை வியன்னா, பெர்ன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சோதித்து 2014இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவ்வீரர்களின் எலும்பில் கால்சியத்தோடு ஒப்பிட்ட ஸ்ட்ரான்சியத்தின் அளவு அந்நகரின் பிற மக்களைவிட மிகுந்திருந்தது. தாவரச் சாம்பல் போன்ற கனிமச்சத்து நிறைந்த பொருளை அவர்கள் உட்கொண்டிருக்க வேண்டும் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

இந்தியாவில் இக்கேள்வி மருத்துவ மரபிலும் மற்போர் மரபிலும் தனித்தனியே ஆராயப்பட்டது. ஆயுர்வேத நூல்கள் ஒருவர் தம் ஆற்றலில் பாதியளவுக்கே பயிற்சி செய்ய வேண்டும் என்றும், நெற்றியிலும் மூக்கிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி, வாயால் மூச்சு வாங்கத் தொடங்குவதே அந்த எல்லையின் அறிகுறி என்றும் வரையறுத்தன. கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்ற வடமொழிக் களஞ்சியம், அரசனின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாக மற்போரைக் கூறுமிடத்தில், மல்லர்களைத் தரம் பிரிப்பதோடு பருப்பும் இறைச்சியும் பாலும் நெய்யும் கொண்ட உணவால் அவர்களைப் பேணும் முறையையும் எடுத்துரைக்கிறது. அம்மரபின் நீட்சியே வட இந்தியக் கோதாக்களில் இன்றளவும் காணப்படும் பழக்கமாகும். விடியலில் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, மண்ணில் பிடிபோட்டுப் பழகிய பயில்வான், உடல்சூடு தணியும்வரை இளைப்பாறி, நீராடிய பின்பே பாலருந்துவார். இரவில் ஊறவைத்துத் தோலுரித்த பாதாமை மிளகு, சோம்பு, கசகசா முதலியவற்றோடு அம்மியில் மைய அரைத்துப் பாலிலோ நீரிலோ கலக்கும் தண்டாய், அவர்களின் பயிற்சிக்குப் பிந்தைய பானங்களுள் முதன்மையானது. தாத்தியா, பட்டியாலா போன்ற சமஸ்தானங்களின் ஆதரவு பெற்ற காமா பயில்வான் போன்றோருக்கு இவ்வுணவு அரண்மனைச் செலவிலேயே கிடைத்தது. நாள் முழுதும் உடலை வளர்ப்பதையே தொழிலாகக் கொண்டு, ஆயிரக்கணக்கில் தண்டால் எடுப்பவருக்கு அமைந்த உணவு அது என்பதை மறந்து, பாலும் நெய்யும் எவருக்கும் வலிமை தரும் என்று பொதுவாகக் கொள்வது பொருந்தாது.

ஐரோப்பாவில் இக்கேள்வி ஆய்வகத்திற்குள் நுழைந்தது 19ஆம் நூற்றாண்டில். தசை வேலை செய்யும்போது தன் சொந்தப் பொருளாகிய புரதத்தையே எரித்து ஆற்றல் பெறுகிறது என்று ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் 1842இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அது மெய்யாயின், உழைத்தவன் இழந்த தசையை இறைச்சியால் ஈடுகட்டியே ஆக வேண்டும். இக்கொள்கையைச் சோதிக்க, சூரிச் நகரப் பேராசிரியர்களான அடால்ஃப் ஃபிக்கும் யோகான்னஸ் விஸ்லிசீனஸும் தம் உடல்களையே கருவியாக்கினர். 1865 ஆகஸ்ட் 29 நண்பகல் முதல் புரதமுள்ள உணவை அறவே நிறுத்தி, மாவைப் பிசைந்து கொழுப்பில் பொரித்த சிறு அப்பங்களையும் சர்க்கரையிட்ட தேநீரையும் மட்டுமே பெரும்பாலும் உட்கொண்டு, மறுநாள் அதிகாலையில் பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஃபவுல்ஹார்ன் சிகரத்தை நோக்கி ஏறத் தொடங்கினர். ஏரிமட்டத்திலிருந்து சிகரம் 1,956 மீட்டர் உயரம். ஏறும்போதும் ஏறி முடித்த பின்னும் கழிந்த சிறுநீரைத் தனித்தனியே சேகரித்து அதிலிருந்த நைட்ரஜனை அளந்தால், உடல் எவ்வளவு புரதத்தை எரித்தது என்று கணக்கிடலாம். அக்கணக்கு குலையாதிருக்க, உச்சியை அடைந்த பின்னும் பல மணிநேரம் பொறுத்திருந்து, மாலையில்தான் இறைச்சியை வயிறார உண்டனர். எரிந்த புரதம் அந்த ஏற்றத்திற்கு வேண்டிய ஆற்றலைத் தரவே இயலாது என்பது சோதனையின் முடிவு. புரதத்தின் ஆற்றல் மதிப்பை எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் 1866இல் துல்லியமாக அளந்தபோது அது உறுதிப்பட்டது. எனினும் லீபிக்கின் பெயர் தாங்கிய இறைச்சிச் சாற்று வணிகம் அதே காலத்தில் தழைத்து வளர்ந்தது. மறுக்கப்பட்ட ஒரு கொள்கை சந்தையில் நெடுநாள் வாழ முடியும் என்பதற்கு அது தொடக்கச் சான்று.

மாவுச்சத்தின் பங்கு தெளிவானது 20ஆம் நூற்றாண்டில். 1924ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தை முடித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், சோர்ந்து விழுந்தவர்களின் இரத்தச் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்ததைக் கண்டனர். மறு ஆண்டு முந்தைய நாளில் மாவுச்சத்து மிகுந்த உணவும் ஓடும்போது மிட்டாயும் உண்டவர்கள் நல்ல நிலையில் ஓடி முடித்தனர். ஆனால் தசைக்குள் நிகழ்வதை நேரில் காண, 1962இல் சுவீடன் மருத்துவர் யோனாஸ் பெர்ஸ்ட்ரோம் சீரமைத்த ஊசி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உயிருள்ள மனிதனின் தொடையிலிருந்து சிறு துணுக்குத் தசையை எடுக்க உதவிய அவ்வூசியின் துணையோடு, அவரும் எரிக் ஹல்ட்மனும் 1966இல் வெளியிட்ட சோதனை இத்துறையின் அடித்தளமாயிற்று. அவர்களே ஒரே மிதிவண்டியின் இருபுறமும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும் களைத்து ஓயும்வரை மிதித்தனர்; மறுகால் ஓய்வாக இருந்தது. அதன்பின் மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டபோது, ஓய்ந்திருந்த காலின் கிளைக்கோஜன், அதாவது தசையில் சேமிக்கப்படும் சர்க்கரை, பெரிதாக மாறவில்லை. உழைத்த காலில் அது ஏறத்தாழ இருமடங்காயிற்று. இரு கால்களுக்கும் பாய்ந்தது ஒரே இரத்தம், கிடைத்தது ஒரே உணவு. ஆகவே சர்க்கரையை ஈர்க்கும் தகுதியை உழைத்த தசையே தனக்குள் உண்டாக்கிக்கொள்கிறது என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது.

‘எப்போது’ என்ற கேள்வி இதிலிருந்தே கிளைத்தது. சுருங்கி விரியும் தசையில், சர்க்கரையை உள்ளே கடத்தும் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. அவை அங்கே தங்கும் சில மணிநேரத்துக்கு, இன்சுலின் குறைவாக இருந்தாலும் சர்க்கரை எளிதில் உட்புகும். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஐவியும் உடனாய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், 12 மிதிவண்டி வீரர்கள் 70 நிமிடம் மிதித்தபின், உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் மாவுச்சத்தை ஒருமுறை உடனேயும் மற்றொருமுறை 2 மணிநேரம் கழித்தும் அருந்தினர். தாமதித்தபோது கிளைக்கோஜன் சேரும் வேகம் பாதியளவுக்குக் குறைந்தது. காலையில் தகுதிச்சுற்றும் மாலையில் இறுதிச்சுற்றும் ஓட வேண்டிய வீரருக்கு இது பொன்னான செய்தி. ஆயின் 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, முதல் உணவு 2 மணிநேரம் தாமதித்தாலும், போதிய மாவுச்சத்து தொடர்ந்து கிடைக்குமாயின், 8 மணிநேரத்திலும் 24 மணிநேரத்திலும் சேமிப்பு சமமாகிவிடுகிறது என்று காட்டியது. முதல் ஆய்வு புகழ்பெற்ற அளவுக்கு இரண்டாவது புகழ்பெறவில்லை. ஐவியும் ராபர்ட் போர்ட்மனும் 2004இல் எழுதிய நூல், பயிற்சி முடிந்த 45 நிமிடத்தைப் பொன்னேரமாக முன்னிறுத்தியபின், நாளைக்கு ஒருமுறை அரைமணிநேரம் பயிற்சி செய்பவரும் கடிகாரம் பார்த்து உண்ணத் தொடங்கினர்.

தசை வளர்ச்சிக்கான புரதத்தின் வரலாறும் இவ்வாறே அமைந்தது. எடை தூக்கும் பயிற்சிக்குப் பின் தசைப்புரதம் கட்டப்படும் வேகம் 3 மணிநேரத்தில் 112 விழுக்காடும், 24 மணிநேரத்தில் 65 விழுக்காடும், 48 மணிநேரத்தில் 34 விழுக்காடும் ஓய்வுநிலையைவிட மிகுந்திருப்பதை ஸ்டூவர்ட் ஃபிலிப்ஸ் குழுவினர் 1997இல் அளந்தனர். வெறும் வயிற்றில் இருந்தால் தசை சிதையும் வேகம் கட்டப்படும் வேகத்தை விஞ்சிநிற்கும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. உணவு வேண்டும் என்பதற்கும், அதற்குரிய காலம் இரண்டு நாள்வரை நீள்கிறது என்பதற்கும் ஓர் ஆய்வே சான்றாக நின்றது. ஆனால் 2001இல் டென்மார்க்கில், சராசரி வயது 74 ஆன 13 முதியோர் 12 வாரம் பயிற்சி செய்த சிற்றாய்வில், 10 கிராம் புரதத்தை உடனே உண்டவர்களின் தொடைத்தசை பருத்ததும், 2 மணிநேரம் கழித்து உண்டவர்களுக்கு அவ்வாறு ஆகாததும் பரவலாக எடுத்துக்காட்டப்பட்டு, முதியோரைப் பற்றிய முடிவு இளைஞருக்கான விதியாக மாறிவிட்டது.

இவ்விதி பரவச் சந்தையும் துணைசெய்தது. அமெரிக்காவின் யார்க் நகரில் எடை தூக்கும் கருவிகளை விற்ற பாப் ஹாஃப்மன் 1950களிலேயே சோயாப் புரதப் பொடியைப் பயிற்சி செய்பவர்களிடம் கொண்டுசேர்த்தார். பாலாடைக்கட்டி செய்யும்போது திரிந்த பாலிலிருந்து பிரியும் தெளிநீர், ஆலைகளுக்கு நெடுங்காலம் அப்புறப்படுத்த வேண்டிய கழிவாகவே இருந்தது. நுண்சவ்வுகளால் வடிகட்டும் தொழில்நுட்பம் 1970களில் வளர்ந்தபின், அந்நீரிலிருந்து ‘வே’ புரதத்தைப் பிரித்தெடுத்துப் பொடியாக்குவது இலாபம் தரும் தொழிலாயிற்று. விரைவில் கரைந்து விரைவில் செரிக்கும் அப்பொடிக்கு, பயிற்சி முடிந்த மறுகணமே புரதம் வேண்டும் என்ற நம்பிக்கையைவிடச் சிறந்த விளம்பரம் அமைந்திருக்க முடியாது.

2013இல் பிராட் ஷோன்ஃபெல்டும் ஆலன் அராகனும் ஜேம்ஸ் கிரீகரும் 525 பேர் பங்கேற்ற 23 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, உடனே புரதம் உண்டவர்களுக்குக் கிடைத்ததாகத் தோன்றிய மிகை வளர்ச்சி, அவர்கள் ஒரு நாளில் உண்ட மொத்தப் புரதம் மிகுந்திருந்ததால் விளைந்ததே என்று தெரியவந்தது. 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்த மற்றொரு பகுப்பாய்வு, நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் புரதம் உண்பதால் தசை வளர்ச்சியில் கூடுதல் பயன் பெரும்பாலும் இல்லை என்று கண்டது.

இவ்வரலாறு இன்று பயிற்சி செய்பவருக்குத் தரும் தெளிவு பெரிது. சில மணிநேரத்தில் மீண்டும் ஓடவோ ஆடவோ வேண்டியவர், முதல் 4 மணிநேரத்துக்கு மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை மாவுச்சத்து உண்பது நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு மணிநேரத்துக்குரிய அளவு ஏறத்தாழ கால் கிலோ சோற்றில் கிடைக்கும். அடுத்த பயிற்சி மறுநாள்தான் என்றால், வழக்கமான வேளை உணவே அந்தச் சேமிப்பை நிரப்பிவிடும். தசை வளர்க்க விரும்பும் இளைஞருக்கு ஒரு வேளையில் கிலோவுக்கு கால் கிராம் அளவு புரதம் போதும், முதியவருக்கு 0.4 கிராம் தேவைப்படும். மூன்று முட்டையோ அரை லிட்டர் பாலோ 16 முதல் 18 கிராம் புரதம் தரும். 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 9 கிராம் அளவு தரும். இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல் விடியலில் எடை தூக்குபவர், தசைச்சிதைவு நீளாதிருக்க, காலை உணவைத் தள்ளிப்போடாமல் உண்பதே முறை. இரண்டு மணிநேரத்துக்கு முன் நன்றாக உண்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தவருக்கு அந்த அவசரம் இல்லை.

கிளாடியேட்டரின் சாம்பல்நீரும், பயில்வானின் தண்டாயும், மிதிவண்டி வீரரின் சர்க்கரைக் கரைசலும் அவரவர் உழைப்பின் அளவறிந்து அமைந்தவை. அவற்றுள் எதையும் பின்பற்றும் முன், தம் உழைப்பு எத்தகையது, அடுத்த உழைப்பு எப்போது, அன்றைய மொத்த உணவு போதுமானதா என்ற மூன்றையும் ஒருவர் தம்மையே கேட்டறிய வேண்டும். அம்மூன்றுக்கும் விடை தெரிந்தவருக்கு, ஏழை எளியோர் வீட்டு அடுப்பிலும் ஆகும் சோறும் பருப்பும் முட்டையும் பாலும் போதும். விலையுயர்ந்த பொடி வாங்க இயலாத காரணத்தால் மட்டும் தம் பயிற்சி வீணாகிவிடும் என்று எந்த இளைஞரும் அஞ்ச வேண்டியதில்லை.