பிரேக் விளக்குச் சுவிட்ச்

பிரேக் விளக்குச் சுவிட்ச் என்பது ஓட்டுநர் பிரேக் மிதியை அழுத்தும்போது வாகனத்தின் பின்புறத்தில் உள்ள சிவப்பு நிற நிறுத்த விளக்குகளை எரியச் செய்யும் மின்கருவி ஆகும். சுவிட்ச் என்னும் சொல்லுக்கு நிலைமாற்றி, ஆளி ஆகிய சொற்களும் தமிழில் வழங்குகின்றன. தொழிற்சாலையில் உருவாக்கப்படும் கார்களில் இச்சுவிட்சின் வகையையும் இடத்தையும் உற்பத்தியாளரே முடிவு செய்கிறார். தனிமனிதர் தம் பட்டறையில் கட்டும் கார்களில் அம்முடிவு கட்டுபவரையே சார்ந்துள்ளது. இக்கட்டுரை அத்தகைய கார்களில் இச்சுவிட்சைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும் முறையை முதன்மையாக விளக்குகிறது.

இச்சுவிட்ச் மூன்று நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும். அவையாவன:

1. கார் வேகம் குறையத் தொடங்கும் முன்னரே விளக்கு எரிய வேண்டும்.
2. மிதியை விட்டவுடன் விளக்கு அணைய வேண்டும்.
3. சுவிட்ச் எந்நிலையிலும் பிரேக்கின் இயக்கத்திற்கு இடையூறாக இருத்தல் கூடாது.

மூன்றாவது நிபந்தனையே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் விடப்படுவது. தவறாகப் பொருத்தப்பட்ட சுவிட்ச் விளக்கை மட்டுமன்றி பிரேக்கையும் கெடுக்கக்கூடும்.

பின்னணி

வீட்டில் கார் கட்டும் வழக்கம் பிரித்தானியாவில் வேரூன்றிய ஒன்றாகும். 1957 ஆம் ஆண்டு வெளிவந்த லோட்டஸ் செவன் என்னும் இலகுவகைக் கார், வாங்குபவரே பூட்டிக்கொள்ளத்தக்க உதிரிகளின் தொகுதியாகவும் விற்கப்பட்டது. 1973 இல் இக்காரின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்திடம் சென்றது. 1996 இல் ரான் சாம்பியன் எழுதிய நூலொன்று, பழைய கார் ஒன்றின் உறுப்புகளைக் கொண்டு குறைந்த செலவில் இதே பாங்கிலான காரைக் கட்டும் முறையை விளக்கியது. அம்முறையில் கட்டப்படும் கார்கள் "லோகோஸ்ட்" என அழைக்கப்படுகின்றன.

இவ்வாறு கட்டப்படும் கார்களில் எஞ்சின் ஒரு காரிலிருந்தும், மிதித் தொகுதி வேறொன்றிலிருந்தும், மாஸ்டர் சிலிண்டர் பிறிதொன்றிலிருந்தும் வரலாம். எனவே மூலக் காரில் சுவிட்ச் இருந்த இடம் புதிய காரில் இல்லாமற் போவது இயல்பு.

பிரித்தானிய விதிகளின்படி, 1936 சனவரி 1 க்கு முன்னர் முதன்முதலில் பயன்பாட்டிற்கு வந்த வாகனங்களுக்கு நிறுத்த விளக்கு கட்டாயமில்லை. 1971 சனவரி 1 முதல் பயன்பாட்டிற்கு வந்த கார்களுக்கு இரண்டு விளக்குகள் வேண்டும். வீட்டில் கட்டிய கார்கள் சாலைக்கு வருமுன் தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும். இச்சோதனை 2009 இல் முந்தைய ஒற்றை வாகன ஒப்புதல் முறைக்கு மாற்றாக வந்ததாகும்.

வகைகள்

மிதிச் சுவிட்ச்

இது மிதித் தண்டின் அசைவால் இயங்குவது. மிதி ஓய்வு நிலையில் இருக்கும்போது அதன் தண்டு சுவிட்சின் முனையிலுள்ள சிறு முளையை உள்ளே அழுத்தி வைத்திருக்கும். அப்போது உள்ளிருக்கும் மின்தொடுகைகள் பிரிந்திருக்கும். மிதியை அழுத்தியவுடன் தண்டு விலகிச் செல்ல, சுருள்வில் முளையை வெளியே தள்ளும். தொடுகைகள் இணைந்து விளக்கு எரியும். மோட்டார் சைக்கிள்களின் பின் பிரேக்கில் காணப்படும் இழுவைச் சுவிட்சும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதில் முளைக்கு மாற்றாக ஒரு சுருள்வில் தொடுகைகளை இழுத்து இணைக்கிறது.

அழுத்தச் சுவிட்ச்

இது பிரேக் குழாயில் திருகப்படுவது. மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயில் எழும் அழுத்தம், சுவிட்சினுள் உள்ள மென்தகட்டைத் தள்ளித் தொடுகைகளை இணைக்கிறது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மற்றும் பழைய பிரித்தானிய விளையாட்டுக் கார்கள் பலவற்றில் இவ்வகை பயன்பட்டது. எண்ணெய்க் குழாயை இணைக்கும் துளையுள்ள மரையாணியும் சுவிட்சும் ஒன்றாகச் செய்யப்பட்ட வடிவமும் கிடைக்கிறது. இடம் குறைந்த கார்களுக்கு அது ஏற்றது.

இருதொடுகைச் சுவிட்ச்

தற்காலக் கார்களின் மிதிச் சுவிட்சுகள் பலவற்றில் நான்கு முனைகள் உள்ளன. ஒரு தொடுகை இணையும்போது மற்றொன்று பிரியும். எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி இவ்விரண்டையும் ஒப்பிட்டுச் சுவிட்சின் நலத்தை அறிகிறது. புதிய எஞ்சினை அதன் கணினியோடு எடுத்துப் பயன்படுத்துவோர் மூலக் காரின் சுவிட்சையே பயன்படுத்துவது எளிது.

தேர்வு

அழுத்தச் சுவிட்சைப் பொருத்துவது எளிது. தாங்கி எதுவும் செய்ய வேண்டியதில்லை. அளவு சரிசெய்ய வேண்டியதும் இல்லை. ஆயினும் அதன் இயக்கம் அழுத்தத்தைச் சார்ந்தது. சுவிட்ச் இயங்குவதற்குச் சில பார் அழுத்தம் தேவைப்படுவதால், மிதியை மெல்லத் தொடும்போது பிரேக் சிறிது பிடித்த பின்னரே விளக்கு எரியலாம். எடை குறைந்த கார்கள் சிறிய அழுத்தத்திலேயே வேகம் குறைவதால், இக்குறை அவற்றில் கூடுதலாக வெளிப்படும்.

மற்றொரு குறை பிரேக் பழுதடையும்போது தோன்றுவது. தற்காலப் பிரேக் அமைப்பு இரு தனிச் சுற்றுகளைக் கொண்டது. ஒன்று கசிந்தாலும் மற்றது காரை நிறுத்தும். சுவிட்ச் கசிந்த சுற்றில் இருந்தால், கார் நின்றாலும் விளக்கு எரியாது. பின்வரும் ஓட்டுநருக்கு எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்காமற் போகிறது. சமநிலைத் தண்டுடன் இரு மாஸ்டர் சிலிண்டர்கள் பொருத்தப்பட்ட கார்களுக்கும் இது பொருந்தும். இதற்குத் தீர்வாக ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அழுத்தச் சுவிட்சை வைத்து, இரண்டையும் பக்க இணைப்பில் இணைக்கலாம்.

மிதிச் சுவிட்சுக்கு இக்குறைகள் இல்லை. ஒரு சுற்று கசிந்தாலும் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், விளக்கு எரியும். எனவே தாங்கி அமைக்க இடமுள்ள கார்களில் மிதிச் சுவிட்சே சிறந்த தேர்வாகும்.

மின்சுற்று

மின்கலத்திலிருந்து வரும் மின்சாரம் உருகி வழியாகச் சுவிட்சுக்கும், அங்கிருந்து விளக்குகளுக்கும், பின்னர் சட்டகத்தின் எர்த் இணைப்புக்கும் செல்கிறது. 12 வோல்ட் அமைப்பில் 21 வாட் குமிழ் விளக்கு ஒன்று 1.75 ஆம்பியர் எடுக்கும். இரண்டு விளக்குகளுக்கு 3.5 ஆம்பியரும், மூன்றாவது விளக்கும் இருந்தால் 5.25 ஆம்பியரும் தேவை. இதற்கு 7.5 அல்லது 10 ஆம்பியர் உருகியும் 1 சதுர மில்லிமீட்டர் கம்பியும் போதும். வானொலி போன்ற பிற கருவிகளை இதே உருகியில் இணைத்தல் கூடாது. அவற்றின் பழுது பிரேக் விளக்கையும் அணைத்துவிடும்.

குமிழ் விளக்கின் இழை குளிர்ந்திருக்கும்போது, எரியும் முதற்கணத்தில் வழக்கமான அளவைப் போல் பல மடங்கு மின்னோட்டம் பாயும். இதனால் தொடுகைகள் நாளடைவில் கருகும். ரிலே ஒன்றைச் சேர்த்தால் சுவிட்ச் வழியே செல்வது ரிலேச் சுருளுக்கான சிறு மின்னோட்டம் மட்டுமே. ஆனால் ரிலேயும் பழுதடையக்கூடிய மற்றோர் உறுப்பு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுப்பதால் அவற்றுக்கு ரிலே தேவையில்லை. அவற்றுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. இழை விளக்கு முழு ஒளி பெற ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் கார் அந்நேரத்தில் ஏறத்தாழ 5.5 மீட்டர் கடந்துவிடும். எல்.இ.டி. விளக்கில் இத்தாமதம் இல்லை எனலாம்.

பொருத்தும் முறை

மிதிச் சுவிட்ச்

சுவிட்ச் மிதியின் அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது இன்றியமையாதது. அச்சிலிருந்து 300 மில்லிமீட்டர் தொலைவில் கால் படும் தட்டு உள்ளதெனக் கொள்வோம். சுவிட்ச் இணைய அதன் முளை 2 மில்லிமீட்டர் வெளிவர வேண்டும். சுவிட்ச் அச்சிலிருந்து 60 மில்லிமீட்டரில் இருந்தால், கால் 10 மில்லிமீட்டர் நகர்ந்த பின்னரே விளக்கு எரியும். 150 மில்லிமீட்டரில் இருந்தால் 4 மில்லிமீட்டர் போதும். ஆகவே சுவிட்சை அச்சிலிருந்து இயன்ற அளவு தள்ளி வைப்பது நன்று. ஆனால் காலணியோ கம்பியோ மிதியில் சிக்காதவாறு அமைக்க வேண்டும்.

பொருத்தும் வரிசை பின்வருமாறு:

1. மிதியின் ஓய்வு நிலையைத் தீர்மானிக்கும் தடுப்பாணியை முதலில் அமைக்க வேண்டும். சுவிட்சைத் தடுப்பாணியாகப் பயன்படுத்துதல் கூடாது.
2. மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுதண்டுக்கும் பிசுடனுக்கும் இடையே சிறு இடைவெளி இருப்பதை உறுதி செய்ய வேண்டும்.
3. வளையாத தடித்த தகட்டில் சுவிட்சின் தாங்கியைச் செய்து, சட்டகத்தில் பொருத்த வேண்டும்.
4. விளக்கு அணையும் வரை சுவிட்சை மிதியை நோக்கித் திருகி, பின்னர் அதிர்வினால் விளக்கு மினுக்காதவாறு இன்னும் சிறிது திருகிப் பூட்டு நட்டினால் இறுக்க வேண்டும்.
5. மிதி இன்னும் தடுப்பாணியில்தான் நிற்கிறதா என மீண்டும் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது படியின் காரணம் பின்வருமாறு. சுவிட்ச் மிதியை முழுமையாகத் திரும்ப விடாமல் தடுத்தால், தள்ளுதண்டு பிசுடனைச் சற்று முன்னே தள்ளிய நிலையில் நிற்கும். அப்போது எண்ணெய் கலத்துக்குத் திரும்பும் ஈடுசெய் துளை மூடப்படும். ஓட்டத்தில் சூடாகி விரியும் எண்ணெய்க்குத் திரும்ப வழியில்லாததால் அழுத்தம் ஏறி, பிரேக் தானே பிடிக்கத் தொடங்கும். அது மேலும் சூட்டை உண்டாக்கும். பட்டறையில் நின்ற காரில் இக்குறை தென்படாது. சில கிலோமீட்டர் ஓடிய பின்னரே தெரியவரும்.

அழுத்தச் சுவிட்ச்

சுவிட்சின் மரையும் அது திருகப்படும் இணைப்பின் மரையும் ஒன்றாக இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியும் கொண்ட மெட்ரிக் மரை, 1/8 அங்குலக் கூம்பு மரை ஆகியவை பரவலாக உள்ளன. இவை ஏறத்தாழ ஒரே பருமனாகத் தோன்றுவதால் தவறாகத் திருகப்படுவதுண்டு. தொடக்கத்தில் பிடித்தாலும் பிரேக்கின் உயர் அழுத்தத்தில் அவை கசியும். குழாய் வேலைக்குரிய வெள்ளை நாடாவைச் சுற்றுவதும் தவிர்க்கத்தக்கது. அதன் நார்கள் பிரேக் எண்ணெயில் கலந்து சிறு துளைகளை அடைக்கக்கூடும். சுவிட்சைக் குழாயின் உயரமான இடத்தில் மேல்நோக்கி வைத்தால் அங்கு காற்றுக் குமிழ் தங்கி, மிதி மென்மையாகிவிடும். பொருத்திய பின்னர் பிரேக் அமைப்பிலிருந்து காற்றை முழுமையாக நீக்க வேண்டும்.

பழுதுகள்

* விளக்கு எரியாமை: உருகி, குமிழ், சுவிட்ச், எர்த் இணைப்பு என்னும் வரிசையில் பார்க்கலாம். சுவிட்சின் இரு முனைகளையும் கம்பியால் இணைக்கும்போது விளக்கு எரிந்தால் சுவிட்சே பழுது.
* விளக்கு அணையாமை: சுவிட்ச் தளர்ந்திருக்கலாம், அல்லது மிதியின் திருப்புவில் வலுவிழந்திருக்கலாம். எப்போதும் எரியும் விளக்கு எரியாத விளக்குக்கு ஒப்பானது. கார் நிற்கப்போவதைப் பின்வருபவர் அறிய இயலாது.
* பிற விளக்குகள் சேர்ந்து மங்கலாக எரிதல்: பெரும்பாலும் எர்த் இணைப்பின் குறை. கண்ணாடியிழை உடல் கொண்ட கார்களில் உடல் மின்சாரத்தைக் கடத்தாததால், ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் கம்பி தேவை.
* சுவிட்சின் முனைகளில் எண்ணெய்க் கசிவு: அழுத்தச் சுவிட்சின் மென்தகடு கிழிந்ததன் அறிகுறி. இது விளக்கின் பழுது மட்டுமன்று, பிரேக்கின் பழுதும் ஆகும். உடனே மாற்ற வேண்டும்.

ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்து தம் பிரேக் விளக்கைக் காண இயலாது. எனவே மற்றொருவர் துணையோடோ, இரவில் சுவரருகே பின்புறமாக நிறுத்தி அதில் விழும் ஒளியைக் கண்டோ சோதிக்கலாம். கார் ஓடிச் சூடேறிய பின்னர் மறுமுறை சோதிப்பது நன்று.

மின்கார்கள்

பழைய கார்களை மின்காராக மாற்றுவோர் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று உண்டு. முடுக்கு மிதியை விட்டவுடன் மோட்டாரே காரின் வேகத்தைக் குறைத்து மின்கலத்துக்கு ஆற்றலைத் திருப்பும். பிரேக் மிதி தொடப்படாததால் வழக்கமான சுவிட்ச் இதை அறியாது. ஐக்கிய நாடுகள் அவையின் 13-எச் எண் வாகன ஒழுங்குவிதிப்படி, இவ்வாறு வேகம் குறையும் வீதம் 1.3 மீ/நொடி² ஐ மிஞ்சினால் பிரேக் விளக்கு எரிய வேண்டும், 0.7 மீ/நொடி² அல்லது அதற்குக் குறைவாயின் எரிதல் கூடாது. இதற்கு மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து தனி இணைப்பு தேவைப்படும்.

மாணவர் போட்டிகள்

பொறியியல் மாணவர் தாமே வடிவமைத்துக் கட்டும் பந்தயக் கார்களுக்கான ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளிலும் பிரேக் விளக்கு கட்டாயமாகும். இவ்வகையைச் சேர்ந்த ஃபார்முலா பாரத் போட்டி கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடத்தப்பட்டுள்ளது. இக்கார்களில் மிகைநகர்வுச் சுவிட்ச் என்னும் மற்றொன்றும் பொருத்தப்படுகிறது. பிரேக் செயலிழந்து மிதி வரம்பு கடந்து இறங்கினால் அது காரின் இயக்கத்தை நிறுத்திவிடும். ஓட்டுநர் அதனை இருக்கையிலிருந்தே மீட்டமைக்க இயலாதவாறு அமைக்க வேண்டும். பிரேக் விளக்குச் சுவிட்ச் மிதியின் தொடக்க நகர்வை உணர்கிறது; மிகைநகர்வுச் சுவிட்ச் அதன் இறுதி நகர்வை உணர்கிறது. எனவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இவற்றையும் பார்க்கவும்

* நீரியல் பிரேக்
* மாஸ்டர் சிலிண்டர்
* ரிலே
* ஒளியுமிழ் இருமுனையம்