சீனத்துப் பொடிக்குப்பிகள்

சீன நாட்டில் மூக்குப்பொடி தொன்றுதொட்டு வந்த வழக்கமன்று. அமெரிக்கக் கண்டத்துப் புகையிலை கீழ்த்திசைக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான். ஐரோப்பிய வணிகரும் இயேசு சபைத் துறவியரும் கொணர்ந்த பொடியைச் சிங் மரபின் (1644–1911) அரசவையினர் விரும்பி ஏற்றனர். தலைவலிக்கும் சளிக்கும் அது நல்ல மருந்தென நம்பினர். நம் பாட்டனார்கள் கூறிய சமாதானமும் இதுவே அன்றோ!

ஐரோப்பியர் பொடியைச் சிறு பெட்டிகளில் வைத்திருந்தனர். நம்மவர் மட்டையில் முடிந்தனர். ஈரக்காற்றில் பொடி கட்டிப்போகும் என்பதனால் சீனர் குப்பியை மேற்கொண்டனர். உள்ளங்கையில் அடங்கும் உடல், குறுகிய வாய், தக்கை செறிந்த மூடி, அம்மூடியின் அடியிலேயே பொடி எடுக்கச் சிறு கரண்டி: அமைப்பு இவ்வளவே. காங்சிப் பேரரசர் 1696-இல் பீக்கிங் அரண்மனையில் கண்ணாடிப் பட்டறை நிறுவியபின் கண்ணாடிக் குப்பிகள் அங்கே உருவாயின. பச்சைக்கல், தந்தம் முதலியவற்றாலும் செய்தனர். பீங்கான் குப்பிகளோ பெரும்பாலும் ஜிங்டெஜென் நகரச் சூளைகளில் பிறந்தவை. 19-ஆம் நூற்றாண்டில் அவை மலிந்தன.

இவற்றைத் தேடிச் சேர்ப்போர்க்கு இடர் இங்கேதான். குப்பியின் அடியில் சியன்லுங் பேரரசரின் (1736–1795) ஆட்சிப்பெயர் காணப்படின், அது அவர் காலத்தது என்று துணிதல் கூடாது. பிற்காலச் சூளையினர் முன்னோர்மாட்டு வைத்த மதிப்பினாலும், விலை கருதியும், பழம்பெயரையே எழுதிவந்தனர். மூடியும் பலமுறை மாறியிருக்கும். உடைவது அதுவே முதலில்.

அறிஞரும் இதில் ஏமாந்ததுண்டு. 1828–29-இல் எகிப்தில் ஆய்வு நடத்திய இத்தாலியர் ரொசெல்லினி, தீப்ஸ் நகரத்துப் பழங்கல்லறையில் கிடைத்தது எனச் சிறு சீனப் பீங்கான் குப்பியொன்றை அறிவித்தார். பொடிக்குப்பி போன்ற இத்தகையன வேறு சிலவும் வெளிப்பட்டன. பாரோ மன்னர் காலத்திலேயே சீனத்தோடு வாணிகம் நிகழ்ந்தது என்று ஐரோப்பாவில் சிலர் வியந்து எழுதினர். ஒரு பெருநாட்டின் வரலாறே விரலளவுக் குப்பியின்மேல் ஏற்றப்பட்டது! ஆனால் அக்குப்பிகளின் பக்கத்தில் சீன எழுத்தில் சில அடிகள் இருந்தன. சீனமொழி வல்லார் அவற்றைப் படித்தபோது, அவை தாங் மரபுக் காலத்துப் (618–907) புலவர்தம் பாட்டடிகள் என்பது புலனாயிற்று. தீப்ஸ் நகரத்துப் பாரோக்களோ அப்புலவர்க்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டவர்.