தங்கவயல் வீடுகளில் போர்ப்பதக்கங்கள்

கோலார் தங்கவயலுக்கென்றே வெள்ளையர் ஆட்சியில் ஒரு துணைப்படை இருந்தது. ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியருமே அதில் சேரலாம். ஆகவே, சுரங்க வேலைக்கு வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழரின் வழியினர் வீட்டில் பழைய பதக்கம் அகப்படின், அதன் மூலத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

தேடவேண்டிய இடம் பதக்கத்தின் விளிம்பே. முதல் உலகப்போர்ப் பதக்கத்தில் ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். மறுபுறம் குதிரைவீரன், 1914, 1918 என்னும் ஆண்டுகள். விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். ‘எஸ். அண்ட் எம்.’ என்றிருந்தால், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ படையினதாக இருக்கலாம். ‘மைனர்’ என்பதைச் சுரங்கத் தொழிலாளி என மொழிபெயர்த்தல் தவறு. தங்கவயலில் இம்மயக்கம் எளிதில் நேரக்கூடியது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட யாமும் முதலில் இடறினோம். பகைவர் அரணுக்கடியில் குடைந்து வெடிவைப்போர்க்கு வழங்கிய பழம்பெயர் அது.

போர்வீரர்க்கு வெள்ளியிலும் கூலிப்படையினர்க்கு வெண்கலத்திலும் அப்பதக்கம் வழங்கப்பெற்றது. இவ்வேற்றுமை எமக்கு உவப்பன்று. ஆயினும், வெள்ளிப் பதக்கங்கள் பல உருக்கப்பட, விலைபோகாத வெண்கலம் பெட்டியில் தங்கிவிடுவதுண்டு.

இரண்டாம் போரில் பிரிட்டிஷ் அரசு தன் நாட்டுப் படைவீரரின் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்திய வீரர்க்கு அளித்தவற்றில் பொறித்தனர். பர்மா நட்சத்திரமாயின் பின்புறத்தைக் காண்க.

புளியிட்டுத் துலக்குமுன் அவ்வெழுத்துகளைத் தாளில் பெயர்த்துக்கொள்ளுங்கள். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் வெளியூர் சென்ற குடும்பங்கள் பல. பாட்டனாரின் படை எண் அவ்விளிம்பில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.