ஒரு சதத்தில் விழுந்த நிழல்: அச்சு மோதலை அறிவது எப்படி?

முரசுமோட்டையில் அம்மம்மாவின் பனையோலைப் பெட்டியில் 1870ஆம் ஆண்டின் செப்புச் சதங்கள் இரண்டு இருந்தன. ஒன்று இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. மிஞ்சிய சதத்தில் விக்டோரியா மகாராணியின் முகத்துக்கு முன்னால், மறுபக்கத்து மரத்தின் கோடு மங்கலாகத் தெரிகிறது.

இத்தகைய நிழல் 'அச்சு மோதலால்' வரக்கூடும். நாணயம் அடிக்கையில் நடுவே உலோகத் தகடு வராவிட்டால், மேல் அச்சும் கீழ் அச்சும் நேரே மோதி, ஒன்றின் வடிவம் மற்றதில் பதியும். பிறகு அந்த அச்சில் அடிக்கும் நாணயங்களிலெல்லாம் அந்தத் தழும்பு, இடவலம் மாறி, அதே இடத்தில் வரும். அமெரிக்காவின் 1857ஆம் ஆண்டுச் சதம் சிலவற்றில் அரை டொலர் அச்சின் தழும்பே உண்டு.

நாணயங்களை இடுக்கியில் நெரித்துப் போலித் தழும்பும் செய்கிறார்கள். நெரித்தால் முகம் போன்ற மேடான பகுதிகளே முதலில் நசுங்கும். உண்மையான தழும்பு சமதளத்தில்தான் தெளிவாக இருக்கும். அதே அச்சில் அடித்த இன்னொரு நாணயத்திலும் இருக்கும்.

ஒப்பிட இரண்டாவது சதம் இல்லாததால், என்னுடையதை மோதல் நாணயம் என்று நான் உறுதியாகச் சொல்வதில்லை. உங்கள் வீட்டில் 1870 சதம் இருந்தால் புளி போட்டு விளக்காதீர்கள். வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள்.