மங்காவின் பெருந்தீனி நாயகர்கள்

ஜப்பானிய மங்காவிலும் அனிமேயிலும் அளவுமீறி உண்ணும் நாயகர்கள் ஒரு தனி மரபாகவே வளர்ந்திருக்கிறார்கள். 1984இல் அகிரா தொரியாமா தொடங்கிய ‘டிராகன் பால்’ தொடரின் கோகு இவர்களுக்கு முன்னோடி. சீனப் புதினமான ‘மேற்கு நோக்கிய பயணம்’ தந்த குரங்கரசனின் பெயரே அவனுக்கும் பெயர். இந்த நாயகர்களின் பசி சிரிப்பு மூட்டுவதற்காக மட்டுமே என்பார் உண்டு. அடுக்கடுக்கான காலித் தட்டுகளும் ஊதிய வயிறும் சிரிக்க வைப்பது உண்மைதான். ஆனால் 1997இல் தொடங்கிய எயிச்சிரோ ஓடாவின் ‘ஒன் பீஸ்’ தொடருக்கு அந்த விளக்கம் போதாது.

அதன் வானோ நாட்டுப் பகுதியில், தாமா என்ற சிறுமி தனக்கு அரிதாகக் கிடைத்த அரிசியைப் பொங்கித் தொடரின் நாயகனான கடற்கொள்ளையன் லூஃபிக்குப் போடுகிறாள். அவன் வழக்கம்போல் வழித்துத் தின்றுவிடுகிறான். பசி தாளாமல் நஞ்சேறிய ஆற்று நீரைக் குடித்து அவள் சுருண்டு விழும்போதுதான், அந்தச் சோறு யாருடைய பட்டினி என்பது அவனுக்கு உறைக்கிறது. அவள் தினமும் வயிறார உண்ணும் நாடாக வானோவை மாற்றுவதாக வாக்களிக்கிறான். நெடும்போர் ஒன்றுக்கு ஒரு வேளைச் சோறு காரணமாகிறது. லூஃபியின் கப்பலில் சமையல்காரனான சாஞ்சியும் பாறைத்தீவில் பட்டினி கிடந்தவன். பசித்தவன் எதிரியானாலும் அவனுக்குச் சோறு போடுவான். பெருந்தீனியை இத்தொடர் வெறுமனே கொண்டாடுகிறது என்ற மறுப்புக்குப் பிக் மாம் என்ற கடற்கொள்ளையர் தலைவியே பதில்: தின்பண்ட வெறி பிடித்தால் அவள் தன் ஊரையே இடித்து விழுங்குகிறாள். லூஃபியின் பசிக்கு ஊட்டிய கை நினைவிருக்கிறது, அவளுடையதற்கு எதிரே நிற்பவர் யாரென்றே தெரிவதில்லை.