இங்கிலீஷ்காரன் பார்க்க

ரியோ டி ஜெனிரோவில் எனக்குக் கிடைத்தது மூன்று நாள். முதல் இரண்டு நாளும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கொர்கோவாடோ மலைமேல் 1931 முதல் கை விரித்து நிற்கும் இயேசு சிலை, 1912இல் ஓடத் தொடங்கிய சுகர்லோஃப் கேபிள் கார், கொபகபானா கடற்கரை, மரக்கானா விளையாட்டரங்கம். எதிலும் ஏமாற்றம் இல்லை. மூன்றாம் நாள் பழைய துறைமுகப் பகுதிக்குப் போனேன். அதுவும் ஒரு கட்டடத்தைப் பார்க்கத்தான்.

அங்கே கடலுக்குள் நீளும் பழைய துறைமேடை ஒன்றின்மேல் 'நாளைய அருங்காட்சியகம்' நிற்கிறது. சாந்தியாகோ கலத்ராவா வடிவமைத்தது. 2015 டிசம்பரில் திறந்தார்கள். கூரையில் உள்ள சூரியத் தகடுகள் வெயிலுக்கு ஏற்பத் திரும்புகின்றன. உள்ளே குளிரூட்டக் குவானபாரா விரிகுடாவின் தண்ணீரையே எடுத்துக்கொள்கிறார்கள். பொறியியல் படித்த குணம் விடுமா? கண்காட்சியைவிடக் கூரையைத்தான் அதிக நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், சாலையோரமாய் ஒரு பள்ளம். சுற்றிலும் தடுப்பு, உள்ளே கரடுமுரடாகக் கல் பாவிய தரை, திறந்த வானம். சீட்டு இல்லை, வரிசையும் இல்லை. பாதியில் நின்றுபோன வடிகால் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். சைட்டில் இந்த மாதிரி எத்தனை பள்ளம் பார்த்திருக்கிறேன்! அறிவிப்புப் பலகையைப் படித்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று புரிந்தது. அது வலோங்கோ துறை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் ஏறத்தாழ 9 லட்சம் பேர் இந்த வழியாக இறங்கினார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்கக் கண்டங்களில் இவ்வளவு பேர் இறங்கிய இடம் வேறு இல்லை.

இந்த இடத்தின் வரலாறே மறைப்பதில்தான் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் அடிமைச் சந்தை நகரின் முக்கியத் தெருவிலேயே நடந்துகொண்டிருந்தது. கப்பலிலிருந்து நோயோடும் பசியோடும் அரை உயிராக இறங்குகிறவர்களைப் பெரிய மனிதர்கள் நடமாடும் தெருவில் பார்ப்பது நன்றாக இல்லை என்று 1770களில் அரசப் பிரதிநிதி சந்தையை நகருக்கு வெளியே, வலோங்கோ கடற்கரைக்கு மாற்றினார். வியாபாரம் நிற்கவில்லை. கண்ணில் படாத இடத்துக்குப் போனது, அவ்வளவுதான். 1811இல் அங்கே கல் பாவித் துறை கட்டினார்கள். அந்தக் கல்தரைக்குப் 'பே தெ மொலெக்கி' என்று பெயர். நம் கடலை மிட்டாயைப் போன்ற ஒரு பிரேசில் இனிப்புக்கும் அதே பெயர்தான். பார்ப்பதற்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஆங்கிலேயரின் நெருக்கடியால் 1831இல் அடிமைகளை இறக்குமதி செய்யத் தடைச் சட்டம் வந்தது. வலோங்கோ ஓய்ந்தது, கடத்தல் ஓயவில்லை. வேறு கடற்கரைகளில், ராத்திரியில், 1850 வரைக்கும் இன்னும் பல லட்சம் பேரை இறக்கினார்கள். பிரேசிலில் இன்றும் ஒரு வழக்கு உண்டு: 'இங்கிலீஷ்காரன் பார்க்க'. ஒப்புக்குச் செய்கிற எதற்கும் அப்படிச் சொல்வார்களாம். அது அந்தச் சட்டத்திலிருந்து பிறந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள்.

1843இல் இரண்டாம் பேதுரு மன்னரை மணக்க நேப்பிள்ஸிலிருந்து இளவரசி தெரேசா கிறிஸ்டினா கப்பலில் வந்தார். வருகிறவர் காலை எங்கே வைப்பது? அந்தக் கரடுமுரடான தரையை மூடி, மேலே செதுக்கிய கற்களைப் பாவி, 'பேரரசியின் துறை' என்று பெயர் சூட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரியோவைப் பாரிஸைப் போல் ஆக்கப் புறப்பட்டபோது புதிய துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்த்தார்கள். 1911இல் பேரரசியின் துறையும் மண்ணுக்குள் போனது. மேலே ஒரு சதுக்கம் வந்தது. இன்று கடல் அங்கிருந்து சில நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது.

நூறு வருஷம் கழித்து, 2016 ஒலிம்பிக்கை முன்னிட்டு அதே துறைமுகப் பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்காக அழகுபடுத்தத் தொடங்கினார்கள். 2011இல் தோண்டும்போது தொல்லியலாளர் தானியா அந்திராதே லிமாவின் குழு அங்கே இருந்தது. மேலே பேரரசியின் கற்கள்; அதற்கு அடியில் வலோங்கோவின் கற்கள். மணிகள், சோழிகள், தாயத்துகள், புகைக்குழாய்கள் எல்லாம் கிடைத்தன. 2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்போது இரண்டு தரையும் ஒரே பள்ளத்தில் தெரிகின்றன. ஒவ்வொரு முறையும் வருகிறவர் கண்ணுக்காக மூடியதை, வருகிறவர்களுக்காகச் செய்த வேலையே திறந்துவிட்டது.

பக்கத்துத் தெருக்களில் அதன் மீதி இருக்கிறது. 1996இல் ஒருவர் வீட்டைப் புதுப்பிக்கத் தரையைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. கப்பலிலிருந்து இறங்கியதும் இறந்தவர்களைப் புதைத்த இடம் அது. 1824 முதல் 1830 வரை மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்களைப் புதைத்ததாகப் பதிவேடு சொல்கிறது. அந்த வீடு இப்போது ஒரு நினைவு நிலையம். இன்னொரு தெருவில் 'உப்புப் பாறை'. அங்கே திங்கட்கிழமை இரவுகளில் சாம்பா நடக்கும். சாம்பாவைக் கேட்க உலகமே ரியோவுக்கு வருகிறது. ஆனால் அது உருவானது இந்தத் துறைமுகத்தைச் சுற்றி, விடுதலையானவர்களும் பாஹியாவிலிருந்து வந்தவர்களும் மூட்டை தூக்கிப் பிழைத்த தெருக்களில். சாம்பா என்ற பெயரில் 1916இல் பதிவான 'பெலோ டெலிபோனே' பாடல் தியா சியாத்தா என்ற பெண்மணியின் வீட்டில் கூடியவர்களிடையே பிறந்தது. அவர் வாழ்ந்த பிராசா ஒன்ஸே பகுதியின் பெரும்பகுதியை 1940களில் ஓர் அகலச் சாலை விழுங்கியது. அதற்குப் பக்கத்திலேயே 1984இல் நீமாயர் வடிவமைத்த சாம்பா அரங்கம் எழுந்தது. அதற்குச் சீட்டு உண்டு.

அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நான் நின்றுகொண்டிருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு வடிகால் வேலையில் மண்வாரி இயந்திரம் ஒரு பழைய செங்கல் சுவரில் இடித்தது. சுவர் நேராக, நன்றாகக் கட்டியிருந்தது. பக்கத்தில் உடைந்த பீங்கான் துண்டுகள். நான் வேலையை நிறுத்தச் சொன்னேன். குத்தகையாளரின் மேற்பார்வையாளர் சிரித்தார். "தம்பி, போட்டோ எடுத்துக்குங்க, போதும். நாளைக்குக் காலையில கான்கிரீட் வருது." மேலே சொன்னால் வேலை எத்தனை வாரம் நிற்கும், யார் பணம் கட்டுவது என்று எனக்கும் தெரியும். நான் மேலே சொல்லவில்லை. மறுநாள் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வேலையில் மூடுவதுதான் கடைசிப் படி. மூடிய பிறகுதான் பணம் வரும்.

வலோங்கோ தப்பியது கற்கள் உறுதியாக இருந்ததால் இல்லை. தோண்டும்போது பக்கத்தில் நின்று 'நிறுத்து' என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்தார். அவர் சொன்னால் நிற்க வேண்டியிருந்தது. இப்போதும் வேலை முடிந்துவிடவில்லை. சாலை மட்டத்துக்குக் கீழே, கூரை இல்லாமல் கிடக்கிற தரை அது. வெப்பமண்டல மழையில் தண்ணீரை வெளியேற்றாமல் அதைக் காப்பாற்ற முடியாது. சிலைக்குச் செய்கிற பராமரிப்பைப் பள்ளத்துக்கும் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

ரியோவுக்குப் போகிறவர்கள் துறைமுகப் பகுதியில் முதலில் வலோங்கோவைப் பாருங்கள். பிறகு எலும்புகள் கிடைத்த வீடு, உப்புப் பாறை. நாளைய அருங்காட்சியகம் கடைசியில் இருக்கட்டும். நான் தலைகீழாய்ப் போய்விட்டேன்.

அந்தச் சுவரின் படங்கள் இரண்டு இன்னும் என் போனில் இருக்கின்றன. யார் வீட்டுச் சுவர் என்று தெரியாது. அதன்மேல் இப்போது 900 மில்லிமீட்டர் குழாய் ஓடுகிறது.