சாவா மூவாப் பேராடு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் ராஜராஜன் கொடுத்த பொன்னையும், தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரையும் சொல்வார்கள். பி.காம் படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டும் என் கண்ணில் முதலில் பட்டது ஆடுகள்தான். சரியாக 96 ஆடுகள்.

கணக்கு இதுதான். கோயிலில் இரவும் பகலும் அணையாமல் ஒரு விளக்கு எரிய வேண்டும். நந்தா விளக்கு என்று பெயர். அதற்கு நாளொன்றுக்கு ஒரு உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்க்கு மூலதனம் 96 ஆடு. விளக்கு வைக்க நினைப்பவர் ஆடுகளைக் கொடுத்துவிடுவார். அவற்றை மன்றாடி என்கிற இடையர் ஒருவர் ஏற்றுக்கொள்வார். அவரும் அவர் வழியில் வருபவர்களும் தினமும் நெய் அளக்க வேண்டும். எத்தனை நாளைக்கு? சந்திராதித்தவல். அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை!

ஆடு சாகாதா என்று கேட்பீர்கள். அங்கேதான் நம்ம முன்னோர் மூளை. கல்வெட்டுகளில் இந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாவும் கிடையாது, மூப்பும் கிடையாது. செத்ததற்குப் பதில் குட்டியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், மந்தை எப்போதும் 96 ஆகவே இருக்கும். எங்கள் பாஷையில் இது மூலதனத்தில் கை வைக்காத நிரந்தர வைப்புநிதி.

சும்மா இல்லாமல் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாழிக்கு நாலு உழக்கு. வருஷத்துக்கு 365 உழக்கு என்றால் 91 நாழியும் ஒரு உழக்கும். ஆடு 96. ஆக ஒரு ஆட்டுக்கு வருஷத்துக்கு ஒரு நாழி நெய்கூட வரவில்லை. மீதிப் பாலும் ரோமமும் எருவும் மன்றாடிக்கு. இரண்டு பக்கமும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

இந்த விளக்குகள் யாருக்காக? ராஜாவின் வெற்றிக்காகவும் தங்கள் புண்ணியத்துக்காகவும் வைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் இறந்தவர்களுக்காக வைத்த விளக்குகளும் உண்டு. நடுநாட்டுப் பக்கம் 11, 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஒரு வகை வழக்கு வருகிறது. வேட்டைக்குப் போன இடத்தில் குறி தவறி அம்பு ஒரு மனிதன் மேல் பட்டு அவன் இறந்துவிடுகிறான். நாட்டார் கூடி விசாரிக்கிறார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, உயிருக்கு உயிர் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் செத்தவன் பெயரில் கோயிலில் விளக்கு எரிக்க வேண்டும். கொன்றவன் கொடுக்கும் ஆடுகளில் செத்தவனுக்கு வெளிச்சம். அந்த மனிதன் அரசனுமில்லை, படைத்தலைவனுமில்லை. ஆனாலும் கல்லில் இருக்கிறான்.

அரச குடும்பத்திலும் இது உண்டு. ஆற்றூரில் இறந்த தாத்தா அரிஞ்சயனுக்கு ராஜராஜன் மேல்பாடியில் பள்ளிப்படைக் கோயில் கட்டினான். அவன் அக்கா குந்தவை, இறந்துபோன தன் அப்பா அம்மாவுக்குப் பெரிய கோயிலில் செப்புத் திருமேனி எடுப்பித்து, பூஜைச் செலவுக்குக் காசு போட்டு வைத்தாள். பெரிய கோயில் பண்டாரத்திலிருந்து அந்தக் காசை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு வட்டி கட்டின. காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். நம்ம ஊரில் எந்த வங்கியும் இன்று அதைத் தராது :)

ராஜராஜன் ஆண்ட அதே காலத்தை ஒட்டித்தான் பிரான்ஸில் குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ, இறந்த எல்லோருக்காகவும் நவம்பர் 2ஐ ஒதுக்கினார். நம்ம ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாளில் வரிசை வரிசையாக மெழுகுவர்த்தி ஏற்றுவது அந்த நாளில்தான். ஒரிசாவில் தீபாவளியன்று சணல் குச்சியைக் கொளுத்தி முன்னோரைக் கூப்பிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமியில் போனவர்களுக்கு மெழுகுவர்த்தி எரிகிறது. பண்டிகை வெளிச்சமும் துக்கத்தின் வெளிச்சமும் அடுத்தடுத்த நாள்.

நாங்கள் இருக்கும் இங்கிலாந்துச் சிற்றூரிலும் இப்படி ஒன்று உண்டு. டிசம்பரில் கடைவீதி முனையில் பெரிய மரம் வைத்து பல்பு கட்டுவார்கள். இறந்துபோன உங்கள் ஆளின் பெயரைச் சொல்லிப் பணம் கொடுத்தால் ஒரு பல்பு அவருடையது. பணம் ஹாஸ்பிஸுக்குப் போகும். இனி குணமாகாது என்று ஆனவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. 1967ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்ததிலிருந்து இந்த நாட்டில் அது ஒரு பெரிய இயக்கம். போன வருஷம் என் அப்பா பெயரிலும் ஒரு பல்பு எரிந்தது. பெரிய மகள் கேட்டாள், "எத்தனை நாள் எரியும்?" ஜனவரி முதல் வாரத்தில் கழற்றிவிடுவார்கள் என்றேன். "அவ்வளவுதானா?" என்றாள்.

அவ்வளவுதானா என்பது நியாயமான கேள்வி. சந்திராதித்தவல் என்று கல்லில் வெட்டிய விளக்குகளே இன்று அந்த 96 ஆட்டின் நெய்யில் எரியவில்லையே. 1279ஓடு சோழர் கதை முடிந்தது, மந்தைகளும் எங்கோ போயின. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒன்று என்னை விடவில்லை. தஞ்சைக் கல்வெட்டில் ஆட்டின் எண்ணிக்கை மட்டுமில்லை. அதை ஏற்றுக்கொண்ட இடையரின் பெயர், அவர் இருக்கும் தெரு, அவரோடு சேர்ந்து நெய்க்குப் பொறுப்பேற்கும் உறவினர்களின் பெயர் என்று வரிசையாக இருக்கிறது. கடன் கொடுக்கும் எவனுக்கும் இது புரியும். சொத்தை மட்டும் எழுதினால் போதாது, பதில் சொல்லும் ஆளையும் எழுத வேண்டும்.

இதை எங்கள் வீட்டுக் கணக்கிலேயே பார்க்கலாம். எங்களுக்குப் பாலக்காடு ஜில்லா கோபாலபுரம். சாலையில் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், ரசீதில் மலையாளம். 1995ல் அப்பா, அப்பாருவின் திதியன்று நெய்விளக்கும் பாயசமும் வைக்க ஊர்க் கோயிலில் 5,000 ரூபாய் போட்டார். அன்றைய 12 சதவீதத்தில் வட்டி 600. இன்று ஆறரை சதவீதத்தில் 325. நெய் விலை உங்களுக்கே தெரியும். பாயசம் எப்போதோ நின்றுவிட்டது. இனி விளக்குக்கே போதாது என்று கோயில் கணக்கர் நல்ல மனசோடு தம்பியிடம் சொல்லி அனுப்பினார். ஆடு குட்டி போட்டது, ரூபாய் போடவில்லை. இப்போது அப்பாவும் இல்லை, விளக்கு இரண்டாகிவிட்டது.

பணம் அனுப்புவது சுலபம். இங்கிருந்து இரண்டு நிமிஷ வேலை, அனுப்பியும் விட்டோம். ஆனால் ஊரில் சித்தப்பா மகன் ஒருவன்தான் மிச்சம். மற்றவர்கள் கோவை, பெங்களூர், துபாய், இங்கே. அவன் கடையை மூடிவிட்டுக் கிளம்பினால் அந்த விளக்கு ஏற்றப்பட்டதா என்று பார்க்கக்கூட ஆளில்லை. இந்தப் பக்கம் வந்திருக்கும் நம்மில் எத்தனை குடும்பத்துக்கு இதே நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். எல்லா வீட்டிலும் எங்கோ ஒரு கோயிலிலோ தேவாலயத்திலோ தர்காவிலோ பெரியவர் ஒருவர் போட்டு வைத்த சின்னத் தொகை இருக்கும். எவ்வளவு, எந்தத் தேதிக்கு, யார் பெயரில் என்று தெரிந்த கடைசி ஆள் யார்?

நாங்கள் செய்தது இதுதான். ஒரு நோட்டில் திதி, தொகை, விளக்கு யாருக்கு என்று எழுதி, கீழே தஞ்சாவூர் பாணியில் பொறுப்பாளிகளையும் எழுதினோம். முதலில் ஊரில் இருக்கும் தம்பி. அவனால் முடியாத வருஷம் கோவையிலிருந்து என் தங்கை போய் வர வேண்டும். அதற்கும் அடுத்து யார் என்று பேச்சு வந்தபோது பெரிய மகள் தன் பெயரைப் போடச் சொன்னாள். ஊருக்குப் போக டிக்கெட் யார் எடுப்பார்கள் என்று சின்னவன் கேட்டான். அதையும் நோட்டில் எழுதியாகிவிட்டது.